பழையபேட்டை லேஸ் வகுப்பு: ஒரு தையல்காரியின் மதிப்புரை

முனையில் கொக்கி உள்ள ஊசியால் நூலைப் பின்னுகிற குரோஷாவில் ப்ரூம்ஸ்டிக் லேஸ் என்று ஒரு பின்னல் இருக்கிறது. அதை ஒழுங்காகக் கற்றுக்கொள்ள நினைக்கிறவர்கள் கிருஷ்ணகிரி பக்கம் இருந்தால், பழையபேட்டையில் ஒரு டீச்சர் தன் வீட்டு மாடியில் நடத்தும் வகுப்புக்குப் போங்கள் என்று சொல்வேன். குறைகள் இருக்கின்றன, அவற்றையும் எழுதியிருக்கிறேன். ஆனால் கொடுத்த பணத்துக்கு அதிகமாகவே கற்றுக்கொண்டு வந்தேன். முக்கியமாக, பின்னி முடித்ததைக் கண்ணால் பார்த்தே எண்ணத் தெரிந்துகொண்டேன். லேஸ் வேலைக்கு அதைவிடப் பெரிய பாடம் கிடையாது.

எனக்குக் காவேரிப்பட்டணத்தில் தையல் கடை. ரவிக்கையும் சுடிதாரும்தான் பெரும்பாலும் வரும். கொஞ்ச காலமாகக் கல்யாண ரவிக்கை கொடுக்க வருகிற பெண்கள் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டி, "கை ஓரத்துல இந்த மாதிரி லேஸ் வேணும் அக்கா" என்று கேட்கிறார்கள். அதுவரை லேஸ் என்றால் பர்கூருக்குப் போய் வாங்குவதுதான் வழக்கம். சின்ன சூரத் என்று பெயர் எடுத்த ஊர். அங்கே துணிக்கடைகளில் மீட்டர் கணக்கில் எத்தனை விதம் வேண்டுமானாலும் கிடைக்கும்.

ஆனால் கடையில் குரோஷா லேஸ் என்று சொல்லி விற்பது பெரும்பாலும் குரோஷாவே அல்ல. கையால் பின்னும் குரோஷாவை அப்படியே பின்னும் இயந்திரம் இன்னும் தொழிற்சாலைகளுக்கு வரவில்லை. மீட்டர் லேஸில் ஒரு வகை, நீளவாக்கில் ஓடும் பல நூல்களை வரிசை ஊசிகள் ஒரே நேரத்தில் பின்னிக் கொடுப்பது. இன்னொரு வகை கெமிக்கல் லேஸ். கரையக்கூடிய துணியின் மேல் இயந்திர எம்பிராய்டரி போட்டு, அப்புறம் அந்தத் துணியை மட்டும் கரைத்து எடுத்துவிடுவார்கள், நூல் வேலை மட்டும் நிற்கும். இரண்டும் மோசம் என்று நான் சொல்லவில்லை. தினமும் உடுத்துகிற ரவிக்கைக்கு இப்போதும் அதைத்தான் வைக்கிறேன். ஆனால் அளவுக்கு வெட்டினால் முனை பிரியும், வளைவான இடத்தில் சுருங்கி நிற்கும், சேலை நிறத்துக்கு ஒத்த நிறம் அமைவது அரிது. கையால் பின்னினால் இந்த மூன்றும் நம் கையில் இருக்கும். அதனால்தான் கற்றுக்கொள்ளப் போனேன்.

டீச்சர் பெயரை இங்கே எழுதவில்லை. ஒரு தடவைக்கு ஆறு பேருக்கு மேல் அவர் சேர்ப்பதில்லை. போன் தொல்லை வேண்டாம் என்று போர்டு கூட வைக்கவில்லை. பழையபேட்டையில் நூல், பட்டன் விற்கிற கடைகளில் குரோஷா டீச்சர் வீடு எது என்று கேட்டால் காட்டிவிடுவார்கள். சனி, ஞாயிறு மதியம் இரண்டு மணியிலிருந்து நாலரை வரை வகுப்பு. இரண்டு மாதத்துக்கு 2,000 ரூபாய். நூலும் ஊசியும் நம் செலவு. காவேரிப்பட்டணத்திலிருந்து டவுன் பஸ்ஸில்தான் போய் வந்தேன். 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் போக்குவரத்துச் செலவு என்று தனியாக எதுவும் வரவில்லை. இந்த மாதிரி வகுப்புக்குப் போகிற பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பது கணக்குப் போட்டுப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும்.

குரோஷா ஊசியே பிடித்திராதவர்களும் சேரலாம். ஆனால் வந்தவுடன் லேஸ் பின்னிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். முதல் சில வகுப்புகளில் செயினும் (சங்கிலி போல வரும் அடிப்பின்னல்) சிங்கிளும் (அதன் மேல் போடுகிற குட்டையான பின்னல்) மட்டும்தான். செயின் எல்லாம் ஒரே அளவாக வரும்வரை டீச்சர் அடுத்த பாடத்துக்குப் போக மாட்டார். தையல் மிஷினில் நூல் டென்ஷனை ஒரு திருகில் சரிசெய்துவிடலாம். இங்கே அந்தத் திருகு இடது கை விரல்களில் இருக்கிறது. நூலைச் சுண்டுவிரலில் ஒரு சுற்றுச் சுற்றி, ஆள்காட்டி விரல் மேல் ஓடவிட்டு, நடுவிரலாலும் கட்டைவிரலாலும் வேலையைப் பிடிக்கச் சொல்கிறார். லண்டன்பேட்டையிலிருந்து வந்த ஒரு நர்ஸ் அம்மாவுக்குச் சுண்டுவிரல் சுற்று ஒத்துவரவில்லை. அவருக்கு மோதிரவிரல் வழியாக மாற்றிக் கொடுத்தார். ஆளுக்கு ஏற்றபடி பிடியை மாற்றிக் கொடுப்பது எல்லா டீச்சருக்கும் வருவதல்ல.

அப்புறம் குச்சி. ப்ரூம்ஸ்டிக் லேஸில் நூலை நீளமான கண்களாக, அதாவது வளையங்களாக, இழுத்து ஒரு தடித்த குச்சியில் வரிசையாக மாட்டி, பிறகு அவற்றைக் கொத்துக் கொத்தாகச் சேர்த்துப் பின்னுவார்கள். வெளிநாட்டில் இதற்கு 25 மில்லிமீட்டர் தடிமனுள்ள பெரிய பின்னல் ஊசியைப் பயன்படுத்துகிறார்கள். டீச்சர் கொடுப்பது வயரிங் வேலைக்கு வருகிற பிவிசி குழாய். 20, 25 மில்லிமீட்டர் அளவுகளில் எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும். ஒரு முழுக் குழாய் வாங்கினால் நாலைந்து பேர் வெட்டிப் பங்கு போட்டுக்கொள்ளலாம். வெட்டிய முனையை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நூல் சிக்கும். எவ்வளவு நீளம் வேண்டுமோ அவ்வளவு வெட்டிக்கொள்ளலாம் என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்தது. விலைகொடுத்து வாங்கும் ஊசியில் அந்த வசதி இல்லை.

பின்னும் முறையைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். வகுப்பின் அருமை இதில்தான் இருக்கிறது.

கொத்துக்கு ஐந்து கண் என்று வைத்துக்கொண்டால், ஐந்தின் மடங்காக அடிவரிசை வேண்டும். பழகுவதற்கு 20 போதும். 21 செயின் போட்டு, கொக்கியிலிருந்து இரண்டாவது செயினில் தொடங்கினால் 20 சிங்கிள் வரும். வரிசை முடிந்ததும் வேலையைத் திருப்பக் கூடாது. மற்ற குரோஷா பின்னல்களில் திருப்பித் திருப்பிப் பின்னிப் பழகியவர்களின் கை இந்த இடத்தில் தானாகத் திரும்பிவிடும். டீச்சர் அதற்காகவே பக்கத்தில் வந்து நிற்பார்.

கொக்கியில் இருக்கிற கண்ணை நீளமாக இழுத்துக் குழாயில் மாட்ட வேண்டும். இது முதல் கண். அப்புறம் இடமிருந்து வலமாக நகர்ந்து, அடுத்த சிங்கிளின் தலையில் கொக்கியை விட்டு, நூலை இழுத்து, குழாயில் மாட்ட வேண்டும். இப்படியே கடைசி வரை. 20 சிங்கிளுக்குக் குழாயில் 20 கண் நிற்க வேண்டும். குழாயை இடது கை அக்குளில் இடுக்கிக்கொள்ளலாம், மடியில் முட்டுக்கொடுத்தும் வைத்துக்கொள்ளலாம். நான் முழங்கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டேன், அது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

இப்போது வலது ஓரத்தில் இருக்கிறோம். முதல் ஐந்து கண்களைக் குழாயிலிருந்து கழற்றி, ஐந்தையும் சேர்த்துக் கொக்கியை வலமிருந்து இடமாக நுழைத்து, நூலை இழுத்து, ஒரு செயின் போட்டுப் பூட்ட வேண்டும். அந்தச் செயின் எண்ணிக்கையில் சேராது. அந்த ஐந்து கண்ணின் நடுத்துளையிலேயே ஐந்து சிங்கிள் போட வேண்டும். அடுத்த ஐந்து கண், அதற்கும் ஐந்து சிங்கிள். செயின் முதல் கொத்துக்கு மட்டும்தான். இடது ஓரம் வந்து சேரும்போது மறுபடி 20 சிங்கிள் இருக்கும், லேஸ் ஒரு வரிசை முடிந்திருக்கும். திரும்பவும் கண்ணை இழுத்துக் குழாயில் மாட்ட வேண்டியதுதான். வேலையின் முகம் எப்போதும் நம்மைப் பார்த்தே இருக்கும்.

கொத்து முறுக்கிக்கொண்டு நிற்கிற அழகு மயில்தோகையின் கண் போல இருக்கும். ஒரு கொத்தில் கொக்கியை வலப்பக்கமிருந்தும் அடுத்ததில் இடப்பக்கமிருந்தும் விட்டால் முறுக்கு மாறிப்போய் வரிசையே கலைந்த மாதிரி தெரியும். இதைக் கேட்காமலே சொல்லிக் கொடுக்கிற வீடியோ ஒன்றுகூட எனக்குக் கிடைக்கவில்லை. டீச்சர் முதல் கொத்திலேயே சொல்லிவிட்டார்.

எண்ணிக்கைக்கு வருகிறேன். இந்தப் பின்னலில் ஓரம் சாய்ந்துகொண்டே போவது, அகலம் கூடுவது, குறைவது எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் ஒரே காரணம்தான். இழுத்து மாட்டிய அந்த முதல் கண், கடைசியாகப் போட்ட சிங்கிளுக்கு உரியது. அடுத்த கண்ணை அதற்கு அடுத்த சிங்கிளிலிருந்து எடுக்க வேண்டும். அதே சிங்கிளில் மறுபடி எடுத்தால் ஒரு கண் கூடிவிடும். மறுமுனையில் கடைசிச் சிங்கிள் ஓரத்தில் மடங்கி ஒளிந்திருக்கும், அதை விட்டுவிட்டால் ஒரு கண் குறைந்துவிடும். சில நேரம் ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறைந்து, எண்ணிக்கை மட்டும் 20 என்று சரியாக நிற்கும். பார்த்தால் துணி இணைகரம் மாதிரி சாய்ந்திருக்கும். எண்ணினால் தப்பே தெரியாது.

அதனால்தான் டீச்சர் எண்ணுவதோடு விடாமல் பார்க்கவும் சொல்லிக் கொடுக்கிறார். சிங்கிள் வரிசையின் தலையை மேலிருந்து பார்த்தால் ஒவ்வொன்றும் சிறு 'வி' எழுத்து போலப் படுத்திருக்கும். ஒரு 'வி' என்றால் ஒரு சிங்கிள், ஒரு கண். வேறு நிறத்தில் சின்னச் சின்ன நூல் துண்டுகளை ஓரச் சிங்கிள்களில் தொங்கவிடச் சொல்வார். இரண்டு ஓரத்திலும் அந்த நூல் இருக்கிற 'வி'க்குள் கண் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் குழாயிலிருந்து கழற்ற வேண்டும். "குழாய்ல இருக்கும்போது பார்த்தா ஒரு கண்ணு, கழற்றின அப்புறம் பார்த்தா ஒரு வரிசை" என்பார். அதாவது கழற்றும் முன் கண்டுபிடித்தால் ஒரு கண்ணைப் பிரித்தால் போதும், கழற்றிவிட்டால் ஒரு வரிசையையே பிரிக்க வேண்டும். கடையில் ஒரு ரவிக்கையைப் பிரித்துத் தைக்க எவ்வளவு நேரம் போகும் என்று தெரிந்த எனக்கு இந்தப் பேச்சு நன்றாகப் புரிந்தது.

எங்கள் குழுவில் ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு இடது கைப் பழக்கம். வேறு ஒரு இடத்தில் அவளை வலது கையில் பிடி என்று சொல்லியே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். இந்த டீச்சர் அவளைத் தனக்கு எதிரே உட்கார வைத்தார். எதிரே உட்கார்ந்தால் வலது கைக்காரர் செய்வது இடது கைக்காரருக்குக் கண்ணாடியில் பார்ப்பது போலத் தெரியும், அப்படியே பின்பற்றினால் போதும். அவள் கண்களை வலமிருந்து இடமாக மாட்டி, இடமிருந்து வலமாகக் கொத்துச் சேர்த்தாள். எங்கள் எல்லோரையும்விட அவள் வேலைதான் சீராக இருந்தது. இடது கைப் பழக்கமுள்ள பிள்ளைகளை வைத்திருக்கிறவர்கள் இந்த வகுப்பை நம்பி அனுப்பலாம்.

வீட்டில் பயிற்சி செய்யும்போது வீடியோ பார்ப்பவர்களுக்கும் பழைய புத்தகம் பார்ப்பவர்களுக்கும் உதவட்டும் என்று டீச்சர் ஒரு விஷயத்தைச் சொன்னார். அமெரிக்கர்கள் சிங்கிள் என்று சொல்வதை இங்கிலாந்துக்காரர்கள் டபுள் என்பார்கள். அமெரிக்க டபுள் அங்கே ட்ரெபிள். ஒரே பெயர், இரண்டு உயரம். பேட்டர்னில் எங்காவது சிங்கிள் என்ற சொல் வந்தால் அது பெரும்பாலும் அமெரிக்க முறை என்று எடுத்துக்கொள்ளலாம். ப்ரூம்ஸ்டிக்கில் இது ரொம்ப முக்கியம். கொத்தின் தலையில் வரவேண்டிய குட்டையான சிங்கிளுக்குப் பதில் உயரமான டபுள் போட்டால் கொத்துகளுக்கு நடுவே தடித்த பட்டை விழுந்து, லேஸின் மென்மையே போய்விடும்.

நூல், ஊசி விஷயத்தில் என் அனுபவத்தைச் சொல்கிறேன். வகுப்புக்கு முன்பே ஆன்லைனில் ஒரு குரோஷா செட் வாங்கியிருந்தேன். விற்றவர் யார் என்று சொல்லப் போவதில்லை. ஊசிகளின் மேல் அளவே அச்சிடவில்லை, கொக்கியின் உள்பக்கம் சொரசொரவென்று இருந்தது, கூட வந்த நூல் கருநீலம். கறுப்பு, கருநீலம், கரும்பச்சை நூலில் 'வி' கண்ணுக்கே தெரியாது. கற்றுக்கொள்கிறவர்களுக்கு அந்த நிறங்களைக் கொடுப்பது அநியாயம் என்பேன். டீச்சர் எல்லோரையும் சந்தனம், இளமஞ்சள், வெளிர் ரோஸ் மாதிரி நிறங்களில்தான் தொடங்கச் சொன்னார்.

ஊசிக்குப் போனி கம்பெனி நல்ல தேர்வு. நீலகிரியில் கேத்தி பக்கத்தில் தயாராவது, அளவு தெளிவாக இருக்கும், கொக்கி வழவழப்பாக இருக்கும், விலையும் நம் கைக்கு எட்டும். பழகுவதற்குத் தடித்த பருத்தி நூலும் 3 மில்லிமீட்டர் ஊசியும் சரியாக இருந்தன. ரவிக்கை ஓரத்துக்கு 10 எண் நூல், 1.5 மில்லிமீட்டர் ஸ்டீல் ஊசி. தையல்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: குரோஷா நூலில் எண் கூடக் கூட நூல் மெலியும். 10 எண்ணைவிட 20 மெலிது, 40 அதைவிட மெலிது. 40 எண் நூலில் லேஸ் பின்னினால் நகை மாதிரி இருக்கும், ஆனால் அது கை தேறிய பிறகு.

மெர்சரைஸ் செய்த நூலாகப் பார்த்து வாங்குங்கள். நான் ஆங்கர் நூல் பயன்படுத்துகிறேன். பருத்தியைக் காஸ்டிக் சோடாவில் நனைத்தால் அது பலப்படும், சாயம் நன்றாகப் பிடிக்கும் என்பதை 1844-ல் ஜான் மெர்சர் என்ற இங்கிலாந்துக்காரர் கண்டுபிடித்தார். நனைக்கும்போது நூலை இழுத்துப் பிடித்தால் பளபளப்பும் வரும் என்பதை 1890 வாக்கில் ஹொரேஸ் லோவ் கண்டுபிடித்தார். ப்ரூம்ஸ்டிக்கில் கண்கள் நீளநீளமாக வெளியே தெரிகிற மாதிரி படுத்திருப்பதால் அந்தப் பளபளப்பு இங்கே எடுபடுவதுபோல வேறு பின்னலில் எடுபடாது. முறுக்கு இல்லாத நூல் இந்த வேலைக்கு ஆகாது. கொக்கி நூலைப் பிளந்துகொண்டு போகும், நீளக் கண் பஞ்சுபஞ்சாகிவிடும்.

பின்னி முடித்தவுடன் லேஸ் சுருங்கி, கசங்கித்தான் தெரியும். அதைப் பார்த்து மனம் விட்டுப்போக வேண்டாம். தண்ணீரில் நனைத்து, துண்டில் ஒற்றி எடுத்து, தெர்மாகோல் பலகையின் மேல் ஒவ்வொரு கொத்தையும் இழுத்து ஊசி குத்திக் காயவைத்தால் கண்கள் விரிந்து, உண்மையான உருவம் வரும். துருப்பிடிக்காத குண்டூசியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளிர்நிற நூலில் துருக்கறை ஏறிவிடும். இது பருத்திக்குச் சரி. அக்ரிலிக் உல்லன் நூலில் பின்னினால் வெறும் தண்ணீருக்கு அந்த அளவு பணியாது. மேலே இஸ்திரிப்பெட்டியை வைத்து அழுத்தினால் நூல் தட்டையாகிச் செத்துவிடும், திரும்ப எழும்பாது. டீபாய் விரிப்பு மாதிரி விறைப்பாக நிற்க வேண்டியதற்கு டீச்சர் ஜவ்வரிசிக் கஞ்சி போடுகிறார். மரவள்ளி விளைகிற தர்மபுரிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு கஞ்சிக்கு வேறு எங்கே போவது! மெல்லிய கஞ்சியாகக் காய்ச்சி, வடிகட்டி, வெதுவெதுப்பாக இருக்கும்போது முக்கி எடுக்க வேண்டும். ரவிக்கைக் கைக்கு மட்டும் கஞ்சி வேண்டாம், தோலில் உரசும்.

இனி குறைகள். எழுதிக் கொடுக்கிற குறிப்பு எதுவும் கிடையாது. எல்லாம் வாய்வழிதான். ஒரு வகுப்புக்கு வர முடியாமல் போனால் அடுத்த வாரம் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். ஒரே ஒரு தாளில் படம் போட்டுக் கொடுத்தால்கூடப் பாதிச் சிரமம் குறையும். மாடி அறையில் ஒரே ஒரு ட்யூப்லைட், அதுவும் முதுகுக்குப் பின்னால். மழைக்கால மதியத்தில் 10 எண் நூலைப் பார்க்கவே முடியவில்லை. நர்ஸ் அம்மா வீட்டிலிருந்து சார்ஜ் லைட் எடுத்துவர ஆரம்பித்தார், அப்புறம் நாங்கள் எல்லோரும் அவரைச் சுற்றி உட்கார்ந்தோம். நாற்காலிகள் கையுள்ள பிளாஸ்டிக் நாற்காலிகள். முழங்கை இடிக்கும். தரையில் பாய் விரித்து உட்கார்ந்தால் நன்றாக இருக்கிறது, முதுகுவலி இருப்பவர்களுக்குத்தான் கஷ்டம்.

என்னைப் போன்றவர்களுக்குப் பெரிய குறை என்னவென்றால், லேஸைத் துணியில் சேர்ப்பது எப்படி என்று அங்கே சொல்லித் தருவதில்லை. ஸ்டோல், விரிப்பு, பை என்று தனியாக நிற்கிற பொருள்களோடு பாடம் முடிந்துவிடுகிறது. ரவிக்கைக் கையில் வைக்கிற முறையை நானே கடையில் வைத்துப் பார்த்து அமைத்துக்கொண்டேன். தையல் தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன்.

கையின் பக்கத் தையலைப் போடும் முன், துணி விரிந்து இருக்கும்போதே ஓரத்தை மடித்துத் தைத்துவிட வேண்டும். துணியை முன்பே நனைத்துக் காயவைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் முதல் துவைப்பில் துணி சுருங்கி லேஸ் அலையலையாக நிற்கும். ஓரத்தில் அங்குலத்துக்கு ஐந்து வீதம் கையால் பிளாங்கெட் தையல் போட்டு, ஒவ்வொரு தையலிலும் இரண்டு சிங்கிள் போட்டால் அங்குலத்துக்குப் பத்துச் சிங்கிள். 10 எண் நூலில் ஐந்து கண் கொத்து எனக்கு அரை அங்குலம் வருகிறது. 12 அங்குலக் கை என்றால் 24 கொத்து, 120 கண். உங்கள் கையின் இறுக்கம் வேறாக இருக்கும், அதனால் நான்கு கொத்து மாதிரி பின்னி அளந்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். இரண்டு முனையும் பக்கத் தையலுக்குள் போகாமல், தையல் முடிந்தபின் கைஊசியால் முனைகளை இணைத்தால் உள்ளே தடிப்பு வராது.

குச்சியின் தடிமனும் இதில் கணக்கு. ஒரு கண் குச்சியைச் சுற்றி நிற்பதால், தட்டையாகப் படுக்கும்போது அதன் உயரம் குச்சியின் சுற்றளவில் ஏறக்குறைய பாதி. 20 மில்லிமீட்டர் குழாயில் ஒரு வரிசையே 3 சென்டிமீட்டர் வந்துவிடும். ஸ்டோலுக்கு அது அழகு, ரவிக்கைக் கைக்கு அதிகம், வளையலில் மாட்டி இழுக்கும். டீச்சரிடம் 20-க்குக் குறைந்த குழாய் இல்லை. எங்கள் தெரு ஆசாரியிடம் சொல்லி 12 மில்லிமீட்டர் தடிமனில் ஒன்றேகால் அடி நீளக் குச்சி ஒன்று இழைத்து வாங்கினேன். அதில் வரிசை 2 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வருகிறது. இரண்டு வரிசை போட்டு, கடைசியில் ஒரு சிங்கிள் வரிசையோடு முடித்தால் பட்டு ரவிக்கைக்குக் கச்சிதமாக அமைகிறது. அடர்நிற நூலைப் பட்டில் வைக்கும் முன் ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் விடுகிற நூல் என்றால் கல்யாணப் புடவையோடு போகிற ரவிக்கையில் அதை வைக்கவே கூடாது.

கூலி பற்றி டீச்சர் ஒரு நாள் முழுக்கப் பேசினார். அதை நான் மதிக்கிறேன். ஆந்திராவில் நரசாபுரம் குரோஷா லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த விஷயத்தைச் சொல்லி, பெண்கள் வீட்டில் உட்கார்ந்து செய்கிற வேலை என்பதாலேயே அதை ஓய்வுநேர வேலையாக நினைத்து விலை பேசுகிறார்கள், அதற்கு இடம் கொடுக்காதீர்கள் என்றார். "மீட்டர் கணக்குல சொல்லாதீங்கம்மா, மணி கணக்குல சொல்லுங்க" என்றார். நான் இப்போது அப்படித்தான் சொல்கிறேன். நூல் விலை தனி, நேரம் தனி. பர்கூர் லேஸ் வைத்தால் எவ்வளவு, கைப்பின்னல் என்றால் எவ்வளவு என்று இரண்டையும் வாடிக்கையாளர் முன்னால் வைத்துவிடுகிறேன். எல்லோரும் கைப்பின்னலைக் கேட்பதில்லை. கேட்கிறவர்கள் விலை குறைக்கச் சொல்வதும் இல்லை.

யாருக்கு இந்த வகுப்பு சரிவரும் என்றால், தையல், ஆரி வேலை செய்கிறவர்களுக்கு, கையில் பொறுமையும் வாரக்கடைசியில் நேரமும் உள்ளவர்களுக்கு. ஒரே மாதத்தில் விற்பனைக்குப் பொருள் செய்துவிட வேண்டும் என்று வருகிறவர்களுக்கு இல்லை. சின்னப் பிள்ளைகளையும் டீச்சர் சேர்ப்பதில்லை.

அடுத்த குழு ஆடி பிறந்ததும் தொடங்குகிறது. முகூர்த்தம் இல்லாத மாதம், தையல்காரர்களுக்கு வேலை குறைவு என்று பார்த்துத்தான் அவர் அப்படி வைக்கிறார். ஆனி முடியும் முன்பே நேரில் போய்ப் பெயர் கொடுத்துவிடுங்கள், ஆறு இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். போகும்போது வெளிர்நிறத்தில் தடித்த பருத்தி நூல், 3 மில்லிமீட்டர் ஊசி, சிறு கத்தரிக்கோல், வேறு நிற நூலில் விரல் நீளத் துண்டுகள் கொஞ்சம், அப்புறம் ஒரு சார்ஜ் லைட் எடுத்துக்கொண்டு போங்கள். குழாய் அங்கேயே கிடைக்கும்.